வழியின் உரிமை

சாகசம் என்ற சொல்லை எங்கள் பகுதித் தோட்டங்களில் யாரும் வாயில் எடுப்பதில்லை. காலையில் செங்குத்தான சரிவொன்றில் ஏறத் தொடங்கினால் அதற்கு அங்கே ‘மலைக்குப் போறது’ என்று பெயர். வேலைக்குப் போவது என்பதுதான் அதன் பொருள். காலில் அட்டை கடிக்கும். இடுப்பில் படங்கு கட்டியிருக்கும். கூடையின் கயிறு தலையை அழுத்தும். மழை பிடித்தாலும் கொழுந்து நிறுத்து முடியும்வரை இறங்க முடியாது. இதே சரிவில், இதே அட்டைகளோடு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளியூரார் ஏறும்போது அது சாகசப் பயணமாகிவிடுகிறது. மலை ஒன்றுதான். ஏறுகிறவரின் கையில் திரும்பிப் போகும் டிக்கட் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இதை நான் யோசிக்கக் காரணம் ஒரு சிறு வேலை. தோஹாவில் தொழில் பார்க்கும் என் மருமகன், தங்கையின் மகன், ஓகஸ்டில் நான்கு நண்பர்களோடு வரப்போகிறான். நண்பர்களில் இருவர் காயல்பட்டினம், ஒருவர் கீழக்கரை, மற்றவர் எங்கள் அக்குறணை. “மாமா, நாலே நாலு நாள்தான். பதுளை, எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் கொஞ்சம் அட்வென்ச்சரா ஒரு திட்டம் போட்டுத் தாங்க” என்று எழுதியிருந்தான். பதுளையில் பிறந்து, இம்மாவட்டத்துப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் படிப்பித்தவனுக்கு இது அரைமணி நேர வேலை. ஆனால் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன் மூன்று வாரமாக எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் நல்ல மாதம்தான். வடகீழ்ப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கும். வரண்ட காற்று ஊவாச் சரிவுகளில் அடிக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனையைக் கொடுக்கிறது. வரட்சியில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். பயணிக்கு வானம் தெளிவாக இருக்கும் மாதத்தில் லயத்தில் கணக்கு இடிக்கும். திட்டத்தின் முதல் வரியே இப்படி ஆகிவிட்டது.

இங்கே சாகசத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் தன் காலத்தில் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது, அதையும் மின்னல் விடவில்லை என்று ஊரார் சொல்வார்கள். சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் புத்தகமே போட்டார். அவர்களுக்கு இந்தக் காடு ஆளில்லாத காடு. ஆள் இருந்ததும், 1817-18 ஊவாக் கிளர்ச்சியில் அந்த ஆட்களின் வயல்கள் எரிக்கப்பட்டதும் வேட்டைக் கதைகளுக்குள் வருவதில்லை. காட்டை ஆளில்லாததாகக் காண்பது ஒரு பழக்கம். இன்றைய விளம்பரப் படங்களிலும் அது தொடர்கிறது. பச்சை இருக்கும், மூடுபனி இருக்கும், பாலம் இருக்கும். லயத்தின் தகரக்கூரை மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கும்.

எங்கள் சமூகமும் இந்த மலைக்குப் பயணியாகவே வந்தது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி, பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டிக்கொண்டு கண்டி இராச்சியத்தின் வழிகளில் ஏறியவர்கள் நம் முன்னோர். வெல்லஸ்ஸைச் சோனகருக்கென்று ஆங்கிலேயர் ஒரு முகாந்திரத்தை நியமித்ததும், அந்த ஹாஜியைக் கிளர்ச்சிக்காரர் பிடித்துக் கொன்றதும் 1817இன் நிகழ்வுகள். வழியில் போகிறவன் வழியின் அரசியலுக்கு வெளியே நிற்க முடியாது என்பதை அந்த மனிதர் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார். பிற்பாடு தோட்டங்கள் வந்தபின் நாங்கள் பசறையிலும் லுணுகலையிலும் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் கடை வைத்தோம். தோட்டத்துச் சனம் சம்பள நாளில் வந்தது, மற்ற நாட்களில் கடன் கொப்பியில் வந்தது. அந்தக் கொப்பிகளில் நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் மலையைக் கடை வாசலிலிருந்து பார்த்தவர்கள். ஆகவே வெளிநாட்டுப் பயணியின் பார்வையை மட்டும் குறைசொல்லி ஒரு கட்டுரை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கு வழியில்லை.

நம்மில் பலருக்குப் பிரியமான பயணி இப்னு பதூதா. 1344இல் புத்தளத்துப் பக்கம் இறங்கி, ஆதம் மலைக்கு ஏறினார். மழைக்காட்டு அட்டைகளைப் பற்றியும், அவற்றை விழச் செய்ய எலுமிச்சைச் சாறு பிழிவதைப் பற்றியும் அவர் எழுதியிருப்பதைப் படித்து வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்னொரு விபரத்தை யாரும் கவனிப்பதில்லை. அவரோடு யோகிகளும் பிராமணர்களும் போனார்கள், உணவுச் சுமை தூக்க மட்டும் பதினைந்து பேரை அரசன் கொடுத்தனுப்பினான். நூலில் அந்தப் பதினைந்து பேருக்குப் பெயர் இல்லை. அவர்களுக்கு அது என்ன பயணம்? புனித யாத்திரையா, கூலி வேலையா, அரச கட்டளையா? ஒவ்வொரு சாகசத்தின் பின்னாலும் பெயரில்லாத பதினைந்து பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையகத்துக்குச் சனம் வந்த பயணத்தை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மேலே ஏறினார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்ற பிறகு தேயிலை. அந்த நடையை யாரும் மலையேற்றம் என்று அழைத்ததில்லை. ஆபத்து இருந்தது, காடு இருந்தது, மிருகம் இருந்தது. சாகசத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது, தெரிவு மட்டும் இல்லை.

மருமகனின் பட்டியலில் முதலிடம் ரயிலுக்கு. பதுளைக்குப் பாதை 1924இல் வந்து சேர்ந்தது, அதுதான் மலைநாட்டுப் பாதையின் கடைசித் தரிப்பு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டப்பட்டது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், உருக்கு இல்லை. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்பது எங்கள் ஊர்க் கதை. உண்மையோ பொய்யோ, அந்தப் பாதையில் தோட்டத்து மனிதருக்கு ஒரு பங்கு கேட்கும் கதை அது, எனக்குப் பிடிக்கும்.

இதே மலைநாட்டுப் பாதைக்கு மலையகத்தவர் வைத்த இன்னொரு பெயரை மருமகனுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கி ஏற்றப்பட்டவர்கள் மலை ஸ்டேஷன்களில் கட்டிப்பிடித்து அழுதார்கள். தலைமன்னாருக்குக் கொண்டுபோன அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதிக்கு அதையே தலைப்பாக வைத்தார். இன்று அதே வண்டிகளின் கதவில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள், விழுந்து செத்தவர்களும் உண்டு. தொங்க வேண்டாம் என்று மருமகனுக்கு எழுதியிருக்கிறேன். உயிர்ப்பயம் ஒரு காரணம். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கையசைத்தவர்கள் முன்பு வேறு மாதிரி நின்றார்கள் என்பது இரண்டாவது. இரண்டாவதை அவன் ஏற்பானா தெரியாது.

இவ்வளவையும் சொன்னால், ‘அப்படியானால் வரவே வேண்டாமா?’ என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி. இதைக் கொஸ்லந்தைப் பக்கத்திலிருக்கும் என் பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டேன். லயத்தில் பிறந்து ஆசிரியராகி ஓய்வுபெற்றவர். பட்டென்று சொன்னார்: “வரட்டும் சேர். வராம என்னா ஆகப்போகுது? நம்ம பசங்க நாலு பேரு எல்லயில ஆட்டோ ஓட்டுறானுங்க, ஒருத்தன் கைட்டு வேல பாக்குறான். மலைக்குப் போனா வர்ற காசவிட அது மேல்.” சற்றுப் பொறுத்து, “லயத்தப் பாத்துட்டு ஐயோ பாவம்னு போறவங்கதான் வேணாம். அவங்க போனப்பறம் தகரம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

பயணி வருவது தப்பு என்பவர் பெரும்பாலும் பயணியின் காசு தேவைப்படாதவர். 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படை 1,350 ரூபா ஆனது. அதுவும் நிறை வந்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். தேயிலைக்கு நடுவே துரைமார் கட்டிய பங்களாக்கள் இன்று விடுதிகள். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை ஓர் இரவில் விழுங்கும் அறைகள் அவற்றில் உண்டு. அந்தக் காசில் எவ்வளவு சரிவு இறங்கி லயத்துக்கு வருகிறது என்பது வேறு கணக்கு. ஆட்டோவுக்கும் கடைத் தேத்தண்ணிக்கும் கொடுப்பது நேரே கைக்குப் போகிறது. ஆகவே பங்களாவை வெட்டிவிட்டு, பண்டாரவளையில் சாதாரண வீடொன்றில் அறை பார்த்தேன். மருமகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

போவதா வேண்டாமா என்பது முடிந்தபின்னும் எப்படிப் போவது என்பது மிச்சமிருக்கிறது. கடினமான பகுதி இதுதான்.

நம் மார்க்கத்தில் பயணிக்கு ஒரு விசேஷ இடம் இருக்கிறது. ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். தொழுகையைச் சுருக்கிக்கொள்ள அவருக்குச் சலுகை உண்டு. அந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் இருக்கும் பயணி களைத்தவர், ஊர் தெரியாதவர், கையில் காசு தீர்ந்துபோகக் கூடியவர். வீட்டுக்காரர் பலமுள்ளவர், வந்தவர் பலமற்றவர். இன்றைய சுற்றுலாவில் இது தலைகீழாகி நிற்கிறது. வருகிறவரிடம் காசும் கமெராவும் கடவுச்சீட்டும் இருக்கின்றன. இருக்கிறவரிடம் பத்தடிக் காம்பிரா இருக்கிறது, அதுவும் அவருக்குச் சொந்தமில்லை. சலுகையை வைத்துக்கொண்டு பலவீனத்தை மட்டும் கழற்றிவிட்ட பயணிக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

எனக்கு உதவியது வேறொரு நபிமொழி. தெருவோரங்களில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்னபோது, அது எங்களால் முடியாதே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் வழிக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அது என்னவென்றும் நபிகளார் விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, யாருக்கும் தொல்லை தராதிருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நல்லதை ஏவித் தீயதைத் தடுப்பது. உட்கார்ந்திருப்பவனுக்குச் சொன்னதை நடந்துபோகிறவனுக்கும் விரித்துப் பார்த்தேன். வழிக்கே ஓர் உரிமை உண்டு என்ற எண்ணம் எனக்குப் புதிதாகப் பட்டது. வழியைப் பாவிப்பவனின் உரிமைகளைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம்.

பார்வையைத் தாழ்த்துவது என்பதை ஆண் பெண் விடயமாக மட்டும் சுருக்கிவைத்திருக்கிறோம். தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்பதால் அந்தப் பெயர். தெளிவான காலையில் தெற்கே வெகுதூரத்துச் சமவெளி தெரியும், எனக்கே பல தடவை அங்கே நெஞ்சு நிறைந்திருக்கிறது. ஆனால் அது ஒரு முதலாளியின் ஆசனம். மேலேயிருந்து எல்லாவற்றையும் தன்னுடையதாகப் பார்ப்பதற்கான இடம். அங்கே ஏறுகிற எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு லிப்டன் ஆகிறார்கள். அந்தப் பாதையிலேயே பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது தினசரி ஏற்றம். லிப்டன் சீட்டைப் பட்டியலில் வைத்திருக்கிறேன். ஆட்டோவில் ஏறி நடந்து இறங்காமல், நடந்து ஏறி ஆட்டோவில் இறங்கும்படி மாற்றிவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு போகிறவனின் கண் கொஞ்சம் பணிவாக இருக்கும் என்பது என் அனுமானம்.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் பிடிப்பது அடுத்த சிக்கல். நின்று சிரித்தால் அந்த நேரத்தின் கொழுந்து நிறையில் குறையும், ஆகவே அவர்கள் காசு கேட்பது முழுக்க நியாயம். ‘காசுக்குப் போஸ் கொடுக்கிறார்கள், உண்மைத்தன்மை போய்விட்டது’ என்று ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். உண்மையான கஷ்டத்தை இலவசமாகப் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் அது. காசு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. தன் வேலையைத் தானே நடித்துக்காட்டும்படி ஒருவரைக் கேட்பதில் ஒரு சிறுமை இருக்கிறது. என் வீட்டு வாசலில் யாரேனும் வந்து, கரும்பலகையில் எழுதுவதுபோல் நில்லுங்கள் சேர் என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்லுங்கள், பெயர் கேளுங்கள், படம் தேவைப்படாமல் போனாலும் போகும் என்று எழுதினேன்.

உள்ளிருந்து பார்த்த கண் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினால் விமானத்தில் வாசிக்கத் தெளிவத்தை ஜோசப்பை எடுத்துவரச் சொன்னேன். 1934இல் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து 2022இல் காலமானவர். தெளிவத்தை என்பதே பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியில் மலை உண்டு, ஆனால் அங்கே மலை ஒருபோதும் காட்சியாக நிற்பதில்லை.

கடைசிச் சிக்கல் மூன்றாம் நாளில் வருகிறது. பிள்ளைகள் தியலும அருவிக்குப் போகவேண்டும் என்கிறார்கள். 220 மீற்றர் உயரம், மேலே பாறைக் குளங்கள் இருக்கின்றன, குளிக்கலாம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகக் கொஸ்லந்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். கொஸ்லந்தை என்றால் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதைந்தவர்களில் பலரை மண்ணிலிருந்து எடுக்கவே முடியவில்லை. அந்த இடம் அபாயமானது என்று அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டச் சரிவுகள் மறுபடி பல இடங்களில் இறங்கின, ரயில் பாதையும் சிதைந்தது. இந்த மலைகளில் மழை பெய்யும் இரவில் தூங்காமல் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வேனில் ஐந்து இளைஞர்கள் அருவிக்குளத்துக்குச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் திருப்பத்தில் நிறுத்துவதா, நிறுத்தாமல் போவதா? நிறுத்தாவிட்டால், புதைந்தவர்களை இரண்டாம் தடவை மூடுவது போல் இருக்கிறது. நிறுத்தினால், அருவிக்கும் பாலத்துக்கும் இடையில் அதுவும் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்றாகிவிடுகிறது. மூன்று வாரமாக நான் வெட்டி எழுதியதெல்லாம் இந்த ஒரு வரிதான்.

ஒரு வழி தென்பட்டது. நமக்குக் கபுறு ஜியாரத்தின் ஒழுக்கம் தெரியும். ஸலாம் சொல்லி நுழைகிறோம், மிதிக்காமல் நடக்கிறோம், துஆச் செய்கிறோம், வேடிக்கை பார்ப்பதில்லை, வெகுநேரம் நிற்பதில்லை. மீரியபெத்தவில் கிடப்பவர்கள் இந்துக்களும் கிறிஸ்தவர்களும், ஜியாரத் என்ற சொல் அவர்களுக்குரியதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகளார் எழுந்து நின்றதையும், அது யூதருடையதாயிற்றே என்றவர்களிடம் அதுவும் ஓர் உயிர் அல்லவா என்ற பொருளில் கேட்டதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். எழுந்து நிற்பதற்கு மார்க்கம் தடையாக இல்லை. இறங்கி நிற்பதற்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும்?

நண்பரிடம் மறுபடி பேசினேன். “பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. நானும் வர்றேன். சும்மா நிப்போம். கேட்டா சொல்றேன், கேக்காட்டி வேணாம்” என்றார். திட்டத்தில் அதற்குப் பெயர் போடவில்லை. ‘காலை 9.30, கொஸ்லந்தை, சேரை ஏற்றிக்கொள்வது’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

நேற்று இரவு பதில் வந்தது. திட்டம் பிடித்திருக்கிறதாம். பங்களா இல்லாததை மன்னித்துவிட்டார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளையிடம் ட்ரோன் ஒன்று இருக்கிறதாம், எடுத்துவரலாமா என்று கேட்டிருக்கிறான். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குக் கீழே, “லயத்துக்கு மேலே பறக்கவிட வேண்டாம் மகன். வேலை முடிந்து பெண்கள் பீலியில் குளிக்கும் நேரம் நாலரை மணி. பீலிக்குக் கூரை கிடையாது” என்று எழுதினேன். அப்படியானால் எந்தப் பக்கம் பறக்கவிடலாம் என்று கேட்டிருக்கிறான். நமுனுகுல மலைப்பக்கம் என்று சொல்ல நினைத்து வரைபடத்தை எடுத்தேன். கீழே முழுவதும் தோட்டம்.